மீட்டர் ரீடருக்குப் பக்கத்து வீடு: அமெரிக்காவின் 911 பணியாளர்களும் ஒரு வகைப்பாட்டு எண்ணும்

1968 பிப்ரவரி 16 அன்று, அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் ஒரு சிவப்புத் தொலைபேசி ஒலித்தது. அவசர உதவிக்கான 911 எண்ணுக்கு அமெரிக்காவில் வந்த முதல் அழைப்பு அதுதான். அழைத்தவர் அலபாமா சட்டமன்ற அவைத்தலைவர் ராங்கின் ஃபைட். காவல் நிலையத்தில் ரிசீவரை எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில். எடுத்து அவர் சொன்னது "ஹலோ". திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதுபோல, அவசர அழைப்பையும் பெரிய மனிதர்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். உண்மையான வேலை அடுத்த அழைப்பிலிருந்து தொடங்கியிருக்கும். அதை எடுத்தவருக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

இந்தக் காட்சியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 911 எண்ணுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மரியாதை கிடைத்துவருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அவர்களை அங்கே டிஸ்பேட்சர், அதாவது உதவியை அனுப்பிவைப்பவர், என்பார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 6,000 அழைப்பு மையங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் அவர்களுக்குப் பாராட்டு மழை. அரசின் பதிவேட்டிலோ அவர்கள் அலுவலக எழுத்தர்களின் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வாரத்துக்கான பிரகடனமும் பதிவேடும் ஒரே அரசின் கைகளிலிருந்து வந்தவைதாம்.

பாராட்டு வாரம்

வாரத்தின் கதை எளிது. 1981-இல் கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தைச் சேர்ந்த பட்ரிஷியா ஆண்டர்சன் என்பவர், தன் மையத்துச் சக ஊழியர்களை ஒரு வாரமாவது நினைத்துப் பார்க்கவேண்டும் என்று தொடங்கிய வழக்கம் அது. தொழில் அமைப்புகள் கைகொடுக்க, மாநிலம் மாநிலமாகப் பரவியது. 1994-இல் அதிபர் கிளின்டனின் பிரகடனமும் வந்தது. இன்று ஏப்ரல் இரண்டாம் வாரம் என்றால் அழைப்பு மையங்களில் பீட்சாப் பெட்டிகளும் கேக்குகளும் குவியும். மேயர்கள் பிரகடனம் வாசிப்பார்கள். காவல்துறைக்கு நீலக்கோடு, தீயணைப்புத் துறைக்குச் சிவப்புக்கோடு என்பதுபோல, இவர்களுக்கு ஒரு தங்கநிறக் கோடு உண்டு. அதைப் பொறித்த கோப்பைகளும் சட்டைப் பொத்தான்களும் கைமாறும். கேக் வெட்டும் நேரத்திலும் சிலர் நாற்காலியை விட்டு எழ முடியாது. எந்த நேரமும் மேசையில் ஆள் இருக்கவேண்டும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. உயிர் பிழைத்தவர் குடும்பத்தோடு மையத்துக்கு வந்து, தான் குரலாக மட்டுமே அறிந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் சந்திப்புகள் இந்த வாரத்தில் நடக்கின்றன. அந்தச் சந்திப்பின் அருமையை உணர, இந்த வேலையின் விசித்திரமான குறை ஒன்றை அறிந்திருக்கவேண்டும். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்ததும் அழைத்தவர் போனை வைத்துவிடுவார். அவர் அப்பா பிழைத்தாரா இல்லையா என்பது டிஸ்பேட்சருக்குப் பெரும்பாலும் தெரியவராது. கதையின் முதல் பாதி மட்டும் காதில் விழும்; மறுபாதிக்குள் அடுத்த மணி அடித்துவிடும். ஒருநாள் வேலையில் இப்படி எத்தனையோ பாதிக் கதைகள்.

பதிவேடு

அமெரிக்காவில் எல்லாத் தொழில்களுக்கும் ஓர் எண் உண்டு. மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டு ஏடு, மருத்துவர் முதல் முடிதிருத்துபவர் வரை ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்தில் சேர்த்து எண் கொடுக்கிறது. வெள்ளை மாளிகையின் கீழ் இயங்கும் நிர்வாக, வரவுசெலவு அலுவலகம் அதை வெளியிடுகிறது. 2000, 2010, 2018 என்று அது திருத்தப்பட்டு வந்துள்ளது.

டிஸ்பேட்சரின் எண் 43-5031. 43 என்பது 'அலுவலக, நிர்வாக உதவிப் பணிகள்' என்ற பெருங்குடும்பம். அதற்குள் பொருள்களைப் பதிவு செய்வது, நேரம் குறிப்பது, அனுப்பிவைப்பது சார்ந்த கிளையில் இவர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: சரக்கு முகவர்கள், கூரியர் பையன்கள், லாரிகளையும் டாக்சிகளையும் அனுப்புகிற பிற டிஸ்பேட்சர்கள், அடுத்து மின்சார, தண்ணீர் மீட்டர் ரீடர்கள், தபால்காரர்கள். எல்லாம் கௌரவமான வேலைகள்தாம். ஆனால் ஒருவர் கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் மீட்டர் ரீடரைக் கூப்பிடுவதில்லை.

33 என்ற இன்னொரு பெருங்குடும்பம் இருக்கிறது. அதன் பெயர் 'பாதுகாப்புப் பணிகள்'. போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும் சிறைக்காவலரும் அங்கே இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவர்களோடு அங்கே குடியிருக்கும் மற்றவர்கள்தாம் சுவாரசியம்: கடற்கரை உயிர்காப்பாளர், பனிச்சறுக்கு ரோந்துக்காரர், பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர், தப்பான இடத்தில் நிறுத்திய காருக்கு அபராதச் சீட்டு எழுதுபவர், வனவிலங்குக் காவலர், சூதாட்ட விடுதியில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர். கடைசி ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படுவார்.

2018 பதிப்புக்கான கருத்துக் கேட்பு 2014-இல் தொடங்கியது. டிஸ்பேட்சர்களின் அமைப்புகள் ஒரே கோரிக்கையை வைத்தன: எங்களை 43-இலிருந்து 33-க்கு மாற்றுங்கள். முன்னணியில் நின்றது, 1935-இல் தொடங்கப்பட்ட ஆப்கோ என்ற பொதுப் பாதுகாப்புத் தகவல் தொடர்பாளர் சங்கம். வகைப்பாட்டுக் குழு மறுத்துவிட்டது. அது சொன்ன காரணங்களைச் சுருக்கினால் மூன்று வரும். செய்யப்படுவது டிஸ்பேட்சர் வேலை, களத்துக்கு முதலில் விரையும் பணியாளரின் வேலை அன்று. பெரும்பாலான டிஸ்பேட்சர்களுக்கு நேரில் சிகிச்சை அளிக்கவோ, ஒருவருக்கு வாய்மொழியாக வழிகாட்டவோ, ஆலோசனை சொல்லவோ அனுமதி கிடையாது. அவர்கள் தனியிடத்தில் இருக்கிறார்கள், தனி மேலதிகாரிகளின் கீழ் இருக்கிறார்கள்.

2017 நவம்பரில் இறுதி முடிவு வெளியானது. 'காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் டிஸ்பேட்சர்கள்' என்றிருந்த பெயர் 'பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பாளர்கள்' என்று மாறியது. எண் மாறவில்லை. பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடித்தார்கள். வீடு அதே தெருவில்தான்.

மூன்று காரணங்களில் நடுவில் இருப்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. மற்ற இரண்டும் கருத்து. இது ஒன்றுதான் உண்மையா பொய்யா என்று சோதிக்கத்தக்க கூற்று. டிஸ்பேட்சர் போனில் வழிகாட்டுகிறாரா, இல்லையா?

ஓர் அழைப்பை அருகில் வைத்துப் பார்த்தல்

ஒரு வீட்டில் ஒருவர் சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி 911-ஐ அழைக்கிறார். மையத்தில் நான்கைந்து திரைகளுக்கு முன்னால் இருப்பவர் முதலில் கேட்பது "என்ன ஆயிற்று" என்பதை அல்ல, "எங்கே" என்பதை. இணைப்பு அறுந்துபோனாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். அழைப்புகளில் 90 சதவீதத்தை 15 விநாடிக்குள் எடுக்கவேண்டும் என்பது துறைசார் அமைப்பின் 2020 தரவிதி. மணிக்கணக்கு இங்கே செல்லாது.

அடுத்து இரண்டே கேள்விகள். அவர் விழித்திருக்கிறாரா? சரியாக மூச்சு விடுகிறாரா? முதலாவதற்கு 'இல்லை' என்ற பதில் சட்டென்று வந்துவிடும். சிக்கல் இரண்டாவதில்தான். இதயம் நின்றுபோனவருக்குச் சில நிமிடங்கள் ஒரு திணறல் மூச்சு வரும். விட்டுவிட்டு, வாயைப் பிளந்து, குறட்டைபோல வரும். நம் ஊரில் "இழுத்துக்கொண்டு கிடக்கிறார்" என்பார்களே, அதுதான். பக்கத்தில் நிற்பவருக்கு அது மூச்சாகத் தெரியும். "மூச்சு இருக்கிறது" என்று நம்பிக்கையோடு சொல்வார். அந்தப் பதிலை அப்படியே நம்பினால் ஆள் போய்விடுவார். "ஒவ்வொரு மூச்சு வரும்போதும் என்னிடம் சொல்லுங்கள்" என்று டிஸ்பேட்சர் கேட்டு, நடுவில் விழும் மௌனத்தின் நீளத்தை அளக்கிறார். நோயாளியைக் கண்ணால் பார்க்காமல், பயந்துபோன ஒருத்தியின் வாய்வழியாக அவரைப் பரிசோதிக்கிறார்.

பிறகு தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகம், அதன்மேல் மற்றொரு கை. குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் அமுங்கவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. "என்னோடு சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு." விலா எலும்பு முறிகிறதே என்று அவர் அலறுவார். நிறுத்தாதீர்கள் என்று சொல்லவேண்டியது இவர்தான். இதற்கிடையில் இன்னொரு திரையில் வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். கதவு பூட்டியிருக்கிறதா, நாய் கட்டியிருக்கிறதா என்றும் கேட்டாகவேண்டும்.

போன் வழியாகக் கற்றுத்தரும் சிபிஆர், அதாவது மார்பை அழுத்தும் இந்த முதலுதவி, நேற்று முளைத்தது அல்ல. 1970-களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் மருத்துவர் ஜெஃப் கிளாசன், எந்த அழைப்புக்கு என்ன கேள்வி, என்ன அறிவுரை என்று அட்டைகளாக எழுதிவைத்தார். 1980-களில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டி என்ற மாவட்டத்தில் மருத்துவர் மிக்கி ஐசன்பெர்க்கும் அவர் குழுவினரும் போன் வழி சிபிஆரை நடைமுறைப்படுத்திக் காட்டினார்கள். அமெரிக்க இதயச் சங்கம் இன்று இதை வெளிப்படையாகப் பரிந்துரைக்கிறது. "வாய்மொழியாக வழிகாட்ட அனுமதி இல்லை" என்று குழு எழுதியபோது, இந்த மரபுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை முதலில் படித்தபோது நான் இரண்டாம் முறையும் வாசித்துச் சரிபார்த்தேன். 2018 பதிப்பில் 43-5031-க்குக் கொடுத்திருக்கும் வரையறையின் கடைசி வாக்கியம், காவல், தீயணைப்பு, அவசர மருத்துவ நடைமுறைகளில் பெற்ற அறிவையும் சான்றிதழையும் கொண்டு, அழைப்பவர்களுக்கு இவர்கள் கூடுதல் அறிவுரைகள் வழங்கலாம் என்கிறது. அனுமதி இல்லை என்று மறுத்த அதே ஏற்பாடு, அனுமதி உண்டு என்று தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறது. குழுவுக்காக வாதாட வருபவர் 'வழங்கலாம்' என்பதிலுள்ள 'லாம்' விகுதியைப் பிடித்துத் தொங்கலாம். எல்லோரும் வழங்குவதில்லையே என்பார்.

அந்த வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. நாடு முழுமைக்கும் ஒரே பயிற்சி விதி கிடையாது. பெரிய நகரத்து மையத்தில் மருத்துவ அட்டைகளோடு பயிற்சி பெற்றவர் இருப்பார். சிறு கவுன்டி ஒன்றில் போலீஸ் வண்டியை அனுப்பிவிட்டு "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்பவர் இருப்பார். கௌரவம் கேட்பவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது என் மனக்குறை. ஆனாலும் வகைப்பாடு என்பது ஒரு தொழிலின் இயல்பைச் சொல்வது, அதில் மோசமாகப் பயிற்றப்பட்டவரின் நிலையைச் சொல்வதன்று.

தனியிடத்தில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்கு, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன சூதாட்ட விடுதிக் கண்காணிப்பாளரே பதில். அவரும் ஓர் அறையில், திரைகளுக்கு முன்னால், களத்தைவிட்டுத் தள்ளித்தான் இருக்கிறார். அவருடைய காவல் சீட்டாட்ட மேசைக்கு. அவர் 33-இல் இருக்கிறார்.

ஒரு டிஸ்பேட்சர் காங்கிரஸுக்குப் போன கதை

இந்த வழக்கை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனவர் நார்மா டோரஸ். குவாத்தமாலாவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் 17 ஆண்டுகளுக்கும் மேல் 911 டிஸ்பேட்சராக இருந்தார். 1990-களில் ஓர் இரவு அவர் எடுத்த அழைப்பின் மறுமுனையில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஸ்பானிய மொழி தெரிந்த ஆள் போதாமல் அந்த அழைப்பு நீண்டநேரம் காத்திருந்தது. அவர் எடுத்தபோது காலம் கடந்துவிட்டது. சிறுமியை அவள் உறவினன் கொன்றதை டோரஸ் காதால் கேட்கவேண்டியிருந்தது. அதன்பின் ஸ்பானிய மொழி தெரிந்தவர்களைக் கூடுதலாக எடுக்கவேண்டும் என்று போராடினார். அங்கே தொடங்கிய பொதுவாழ்வு அவரை பொமோனா நகர மேயராக்கி, மாநிலச் சட்டமன்றம் வழியாக 2015-இல் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராக்கியது.

2019-இல் அவரும் பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து '911 சேவ்ஸ்' மசோதாவைக் கொண்டுவந்தார்கள். டிஸ்பேட்சர்களைப் பாதுகாப்புப் பணிகளின் வகையில் சேர்க்கும்படி, ஏட்டை வெளியிடும் நிர்வாக, வரவுசெலவு அலுவலகத்துக்குச் சொல்வதே அதன் வேலை. பின்வந்த நாடாளுமன்றங்களிலும் அது மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டது. இரு கட்சிகளும் ஆதரிக்கும், அரசுக்கு நேரடிச் செலவு இல்லாத ஒரு மசோதா இத்தனை தடவை வாசலுக்கு வரவேண்டியிருப்பதே, எழுத்தர் வரிசை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போனை எடுப்பது பெண்ணின் வேலை, அது மேசை வேலை, மேசை வேலை எழுத்தர் வேலை என்று பழைய தொலைபேசி நிலையக் காலத்திலிருந்து வரும் ஒரு கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் ஊகம். எந்த ஆவணமும் அதை ஒத்துக்கொள்ளாது.

எண் மாறினால் என்ன கிடைக்கும்?

இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. வகைப்பாடு என்பது புள்ளிவிவரம் திரட்டுவதற்கான ஏற்பாடு. 43 என்பது 33 ஆனால் மறுநாள் யாருடைய சம்பளக் கவரும் கனக்கப்போவதில்லை. ஓய்வூதியம், வேலையால் வந்த மனநோய்க்கான இழப்பீடு எல்லாம் மாநிலச் சட்டங்களின் கையில் இருக்கின்றன. பிரசாரக் கூட்டங்களில் இந்த வேறுபாடு மங்கிப்போகிறது; எண் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்ற தொனி வந்துவிடுகிறது.

ஆனால் அரசு ஒரு தொழிலை எந்த அலமாரியில் வைத்திருக்கிறது என்பது, அதைப் பற்றி யார் எதைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நகரசபை வரவுசெலவுக் கூட்டத்தில் ஆலோசனைச் சேவைக்குப் பணம் கேட்கும் மைய அதிகாரியிடம், "மத்திய அரசே இவர்களை அலுவலக ஊழியர் என்கிறதே" என்று சொல்ல இடமிருக்கிறது. ஆய்வுகளிலும் நெடுங்காலம் அப்படித்தான். களத்துக்குப் போகாதவருக்கு மனக்காயம் எப்படி வரும் என்று நினைத்தார்கள். 2012-இல் நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மிஷெல் லில்லியும் ஹெதர் பியர்ஸும் 24 மாநிலங்களைச் சேர்ந்த 171 டிஸ்பேட்சர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடல் அங்கே இல்லாவிட்டாலும் அச்சமும் கையறுநிலையும் இவர்களைத் தாக்குகின்றன என்பது அதில் வெளிப்பட்டது. மிக மோசமான அழைப்பு எது என்று கேட்டதற்கு அதிகம் பேர் குறிப்பிட்டது, ஒரு குழந்தைக்கு எதிர்பாராமல் நேர்ந்த காயம் அல்லது மரணத்தை.

மாநிலங்கள் மத்திய அரசுக்காகக் காத்திருக்கவில்லை. டெக்சாஸ் 2019-இல் தன் சட்டத்தில் 'முதல் பதிலளிப்பாளர்' (களத்துக்கு முதலில் விரையும் பணியாளர்) என்பதன் வரையறையைத் திருத்தி டிஸ்பேட்சர்களைச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேறு சில மாநிலங்களும் தத்தம் வழியில் அதைச் செய்தன. ஆக, ஒரே மேசையில் இருக்கும் ஒருவர் டெக்சாஸ் சட்டத்தின்படி தீயணைப்பு வீரரின் பங்காளி. மத்திய அரசின் ஏட்டின்படி மீட்டர் ரீடரின் பக்கத்து வீட்டுக்காரர்.

ஓர் இடைச்செருகல். பெயரால் வரும் மரியாதையை நாம் அறியாதவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையில் வண்டி ஓட்டுபவரை 'பைலட்' என்கிறார்கள். அந்த ஒரு சொல் அவரை மற்ற டிரைவர்களிடமிருந்து எடுத்து நிறுத்துகிறது. எங்கள் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்த இரவில், வண்டியோடு வந்தவர்களுக்குத் தண்ணீரும் காப்பியும் கொடுத்து உபசரித்தோம். அதற்கு முன் போனில் "தெரு முனையில் என்ன இருக்கிறது, கோயிலா, தண்ணீர்த் தொட்டியா?" என்று விடாமல் கேட்டு வழியைக் கறந்தெடுத்த பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பதற்றத்தில் அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தவன் நான்தான். முட்டுச்சந்துக்குள் போகாமல் வண்டி நேராக வந்து நின்றதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கேள்விதான் என்பது மறுநாள்தான் உறைத்தது.

இப்போதைய நிலை

வகைப்பாட்டின் அடுத்த பதிப்பு 2028-க்கு உரியது. அதற்கான கருத்துக் கேட்பு 2024-இல் தொடங்கியது. டிஸ்பேட்சர்களின் அமைப்புகள் பழைய கோரிக்கையோடு மறுபடி வரிசையில் நிற்கின்றன. இம்முறை அவர்கள் கண்ணீர்க் கதைகளைக் குறைத்துக்கொண்டு, 43-5031-இன் வரையறையில் உள்ள அந்தக் கடைசி வாக்கியத்தையும், அதற்கு முன் குழு தந்த மறுப்பையும் அடுத்தடுத்து ஒட்டி மேசையில் வைத்தாலே போதும் என்பது என் எண்ணம். இரண்டில் ஒன்றைக் குழு அடித்தாகவேண்டும்.